ஆற்றங்கரையில் இறக்கி வைத்த சாமிகள்

பக்கவாதம் வந்து போன பிறகு என் மனைவியின் உலகம் மூன்று இடங்களாகச் சுருங்கிவிட்டது: வீடு, மலாக்கா டவுனில் அவளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் கிளினிக், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றங்கரை. முதல் இரண்டிலும் அவள் இருப்பது வேறு வழியில்லாததால். ஆற்றங்கரைக்கு மட்டும் அவளாகவே போவாள். இடது காலை இழுத்து இழுத்து, கம்பை ஊன்றி, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் போய்த் திரும்புவாள். வந்ததும் முகம் வேறு மாதிரி இருக்கும். அதை மறுநாள் மாலைவரை வைத்து ஓட்டுவாள்.

நாங்கள் இருப்பது தங்கா பத்துவுக்கு உட்புறம், ஒரு ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் டவுன் பக்கம் பாச்சாங்கில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம். அமைதியான இடம் என்று வீட்டு ஏஜெண்ட் சொன்னார். எதிர்வரிசையில் இருப்பவர்கள் அதே தோட்டத்தின் தொழிலாளர் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் சிலோன்காரன் என்பதும் கவர்மெண்டில் இருந்தவன் என்பதும் சாமான்கள் லாரியிலிருந்து இறங்குவதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

என் பாட்டனார் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. அப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணி. நான் நில அலுவலகத்தில் சேர்ந்து அங்கேயே நரைத்தேன். மூன்று தலைமுறையாக மற்றவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தே சாப்பிட்ட குடும்பம். எந்த மனு எந்த மேசையில் போய்த் தூங்கும், எதைச் சொன்னால் விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எங்களுக்கு ரத்தத்தில் வந்தது, சர்க்கரை வியாதியைப் போல.

தாமானுக்குள் நடப்பதென்றால் கார்களுக்கும் மூடாத சாக்கடைகளுக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். இரண்டு கால் நன்றாக உள்ளவர்களுக்கே அது ஒரு விளையாட்டு. ஆற்றங்கரைப் பாதை அப்படியல்ல. ஆற்றைத் தூர்வாரும் எந்திரம் போய்வருவதற்காக விட்டிருக்கும் சமமான மண்தரை அது. சட்டப்படி அது நடப்பதற்கானதும் அல்ல. எல்லோரும் நடந்தார்கள், யாரும் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு டவுன்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். புதுச்சாலை போட்டதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வந்தன. அடுப்பு மூட்டிக் கோழி வாட்டினார்கள், தூண்டில் போட்டார்கள், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கினார்கள், போகும்போது தங்களைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். வார நாட்களில் வீடு இடிக்கும் காண்ட்ராக்டர்கள் வந்து டாய்லெட் பேசின்களைக் கொட்டினார்கள். தோட்டக் காலத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று எதிர்வரிசையில் சொல்வார்கள். அப்போதும் எல்லாவற்றையும் ஆற்றில்தான் போட்டிருப்பார்கள். அன்றைய குப்பை மக்கியது, இன்றைய குப்பை மக்குவதில்லை. வித்தியாசம் அவ்வளவே.

ஒருநாள் பாதையின் முனையில் ஆற்றைப் பராமரிக்கும் அலுவலகத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குப்பையால் எந்திரம் போக முடியவில்லை. இப்படியே நீடித்தால் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பாதை மூடப்படும். என் மனைவி அதை நின்று முழுக்க வாசித்தாள். வாசிப்பதற்கும் அவளுக்கு இப்போது நேரம் பிடிக்கும்.

"மூடுவினமோ?" என்று கேட்டாள்.

"மூட விடமாட்டன்," என்றேன்.

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். பாலாய் ராயாவில், அதாவது எங்கள் தாமானின் பொது மண்டபத்தில், கூட்டம் நடந்தது. கரை எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது, குடியிருப்பாளர்கள் ஒரு குழு அமைத்துப் பராமரிப்புப் பொறுப்பை எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்து விளக்கினேன். உட்காருவதற்குள் என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். குழுவின் விதிகளையும் நானே எழுதினேன். புதிய தலைவரைப் போதிய உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும்வரை பழைய தலைவர் பதவியில் நீடிப்பார் என்று ஒரு விதி. நல்ல விதி. அதன்பிறகு ஒரு கூட்டத்துக்கும் போதிய உறுப்பினர்கள் வந்ததில்லை.

துணைத் தலைவர் எதிர்வீட்டு லாரிக்காரர். சொந்த லாரி, பெரிய மீசை, என் மனைவியை அக்கா என்பார், என்னை ஐயா என்பார். அந்த ஐயாவில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

முதல் கோத்தோங் ரோயோங்குக்குத் தாமானே வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து கரையைக் கூட்டினோம். நாசி லெமாக் தின்றோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மாலை கரை பழையபடி இருந்தது. அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு நானும் லாரிக்காரரும் வந்தோம்.

நான் ஆட்களிடம் நேரில் பேசிப் பார்த்தேன். ஒரு குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது. பாயைத் தவிர மற்றதெல்லாம் புல்லில் கிடந்தது. இதையும் எடுத்துப் போனால் நல்லது என்றேன்.

"அங்கிள், இதுக்குத்தானே டேக்ஸ் கட்டறோம் லா," என்றார் அந்தத் தகப்பன், கோபமே இல்லாமல்.

சரி, பலகை வைக்கலாம் என்றேன். கரையில் பலகை நட அனுமதி வேண்டும், வாசகத்துக்கு அனுமதி வேண்டும், மலாய் எழுத்து மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். 'கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள்' என்று எழுதிய பலகை பல வாரம் கழித்து வந்து நின்றது. அது நின்ற வாரமே யாரோ ஒரு இரட்டை மெத்தையைக் கொண்டுவந்து அதன்மேல் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

"படுத்துக்கிட்டே போர்டைப் படிக்கட்டும்னு வச்சிருக்கான் ஐயா," என்றார் லாரிக்காரர். மெத்தையை அவர்தான் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார். திரும்பி வந்து, "உங்க வழி முடிஞ்சுதா? இனி என் வழியைப் பாருங்க," என்றார்.

அவர் வழி மறுநாள் தெரிந்தது. பாதையின் பாதி தூரத்தில் ஓரமாக நிற்கும் பெரிய மரத்தடியில் ஒரு கருங்கல். அதன்மேல் மஞ்சள், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி.

"முனி," என்றார். "மரத்துல உட்கார்ந்திருக்காரு. இனி எவன் குப்பை போடறான் பாப்போம்."

ஒருவனும் போடவில்லை. அனுமதியோடு வைத்த பலகை சாதிக்காததை அனுமதியில்லாத கல் ஒரே வாரத்தில் சாதித்தது. கோழி வாட்டுகிறவர்கள் கரையின் மறுகோடிக்குப் போய்விட்டார்கள். மலாய்க்காரத் தூண்டில்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். சீனர் ஒருவர் இரண்டு ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அன்றைக்கு நல்ல மீன் கிடைத்ததாகச் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி மரத்தடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் கொஞ்ச தூரம் நடந்தாள்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இந்தப் போக்கை நான் வேலையில் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் கல். பிறகு விளக்கு. விளக்கு நனையாமல் இருக்கத் தகரம். தகரத்துக்குக் கால். காலுக்குச் சிமெண்டு. சிமெண்டு காய்வதற்குள் அகற்றும்படி நோட்டீஸ். அந்த நோட்டீஸின் முதல் பத்தி எனக்கு மனப்பாடம். இதை லாரிக்காரரிடம் சொன்னேன்.

"ஐயா, இன்னும் குங்குமமே காயல. நீங்க கோர்ட்டுக்கே போயிட்டீங்க."

விளக்கு வந்தது. முதல் மழைக்குத் தகரம் வந்தது, நாலு மரக்காலோடு. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்தார்கள். எண்ணெய்ப் போத்தல்கள், கற்பூர டப்பாக்கள், பால் பாக்கெட்டுகள் சேர்ந்தன. பூசைக்கு வந்த பொருள் என்பதால் யாரும் அதைக் குப்பை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதிகாலையில் போய் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

அதன்பிறகுதான் சாமிகள் வரத் தொடங்கின.

நம் வீடுகளில் ஒரு வழக்கம். சாமிப் படத்தின் கண்ணாடி உடைந்தாலும், கறையான் அரித்தாலும், வீடு மாறும்போது புதுப்படம் வாங்கினாலும், பழையதைக் குப்பைத் தொட்டியில் போட மனம் வராது. வீட்டிலும் வைக்கக்கூடாது என்பார்கள். ஆகவே மரத்தடியிலோ ஆற்றங்கரையிலோ கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். எங்கள் கரையில் மரமும் இருந்தது, ஆறும் இருந்தது, போதாததற்கு முனியும் இருந்தார். செய்தி டவுன்வரை போய்விட்டது. பாச்சாங்கில் என் பழைய தெருக்காரர் ஒருவரே வந்தார். மூக்குடைந்த பிள்ளையாரை வைத்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், என்னைப் பார்த்ததும் சுகமா என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். கோழி எலும்பைப் போட வந்தவனைத் திட்டலாம். கும்பிட்டுவிட்டுப் போகிறவரை என்ன சொல்வது?

லட்சுமிகள், முருகன்கள், எட்டாகக் கிழிந்த காலண்டர்கள், கைபோன களிமண் அம்மன்கள் எல்லாம் மரத்தைச் சுற்றி நிறைந்து, பாதைவரை வந்துவிட்டன. காற்றில் சாய்ந்து விழுந்த படங்களின் கண்ணாடி நொறுங்கி மண்ணில் கலந்தது. நான் வழக்கமாக எடுத்துவரும் பை இதற்குப் போதாது. அதுமட்டுமல்ல, எடுத்து எங்கே வைப்பது?

ஒரு மாலை என் மனைவி திரும்பி வந்தபோது வீட்டுத் தரையில் சிவப்பாகக் கால்தடம் விழுந்தது. இடது கால் மட்டும். செருப்பைத் துளைத்துக்கொண்டு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. அந்தக் காலில் அவளுக்கு உணர்ச்சி கிடையாது. கரையிலிருந்து வீடுவரை அதன்மேலேயே நடந்து வந்திருக்கிறாள்.

மறுநாள் முதல் நான் வீட்டு இரும்புக் கேட்டைப் பூட்டினேன். ஆற்றங்கரையில் அலுவலகத்தார் போடுவதாகச் சொன்ன கதவை நானே முதலில் போட்டுவிட்டேன். அவள் மாலையானால் செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பாள். கிளினிக்கில், கால் பழையபடி விறைத்து வருகிறதே, நடக்கிறீர்களா என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

கூட்டம் கூட்டினேன். வந்தவர்கள் கொஞ்சப் பேர். படங்களை அகற்ற வேண்டும் என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யார் அகற்றுவது என்றேன். எல்லோரும் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"அடுத்தவங்க வீட்டு சாமி ஐயா," என்றார் லாரிக்காரரின் மனைவி. "அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ, அதை அதோட சேர்த்து எறக்கி வச்சிருப்பாங்க. நாம போய் தூக்குனா நமக்கு வரும்."

"நீங்களே எடுத்துடுங்க ஐயா," என்றார் பின்னால் ஒருவர். "படிச்சவங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

கோயில் குருக்களைப் போய்ப் பார்த்தேன். கோயில் ஸ்டோரில் இதேபோல வந்தவை கூரைவரை இருக்கின்றன, இனி இடமில்லை என்றார். சாஸ்திரப்படி என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஓடற தண்ணீல விட்டுடணும்."

கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள் என்று ஆற்றங்கரையில் பலகை வைத்த குழுவின் தலைவரிடம் அவர் இதைச் சொன்னார். எரிக்கலாமா என்றேன். சாமியை எரிப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். எரித்தாலும் திறந்தவெளியில் எரிப்பதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. புதைப்பதென்றால் யார் நிலத்தில்? ஆற்றங்கரை அரசாங்கத்துடையது, மற்றதெல்லாம் வீட்டு மேம்பாட்டாளருடையது, என் வீட்டு முற்றம் முழுக்கச் சிமெண்டு.

அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஒரே கடிதம் போதும். ஆட்கள் வருவார்கள், தகரத்தோடு கல்லையும் எடுப்பார்கள். அதன்பிறகு இந்தத் தாமானில் எனக்கு யாரும் முகம் கொடுக்கமாட்டார்கள். முனி போனதும் மெத்தைகள் திரும்பி வரும், கதவு விழும். கடிதம் எழுதாவிட்டால் கரையைச் சோதிக்க வருகிற அதிகாரி தகரத்தைப் பார்ப்பார், அனுமதியில்லாத கட்டடம் என்று எழுதுவார், அப்போதும் கதவு விழும். எந்தப் பக்கம் போனாலும் என் மனைவி ஹாலில்தான் உட்கார்ந்திருப்பாள். ராஜினாமா செய்யலாம் என்றால் விதி இருக்கிறது.

சோதனைக்கு வரும் நாளைக் குறித்து அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. அடுத்த வாரம்.

அந்த வாரத்தில் ஒரு காலை. கேஸ் சிலிண்டர்காரருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, அவர் போன பிறகு பூட்ட மறந்துபோனேன். குளித்து வந்து பார்த்தால் வீட்டில் அவள் இல்லை. பாசாருக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் கூடையும் இல்லை.

மரத்தடியில் இருந்தாள். என்னுடைய மழைக்காலப் பூட்ஸைப் போட்டிருந்தாள். கூடையைச் செயலிழந்த கையில் மாட்டி, மரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நல்ல கையால் ஒரு சரஸ்வதி படத்தை எடுத்துக் கண்ணாடியை உதறிக்கொண்டிருந்தாள். லாரி கழுவிக்கொண்டிருந்த லாரிக்காரர் எனக்கு முன்பே ஓடி வந்துவிட்டார். கையில் இன்னும் துணி இருந்தது.

"அக்கா, தொடாதீங்க. சொன்னா கேளுங்க."

"ஏன், கடிக்குமோ?"

"கடிக்காதுக்கா. ஆனா பிடிச்சிக்கும்."

அவள் படத்தைக் கூடையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்குச் சற்று நேரமாகும், அவர் காத்திருந்தார்.

"என்னில பிடிக்க இனி என்ன கிடக்கு, தம்பி?"

நான், "நீர் குனியாதேயும், நான் எடுக்கிறன்," என்று சொல்லிக் குனிந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. படித்தவனுக்கு ஒன்றும் செய்யாது என்று சொன்னவருக்கு என் வீட்டுப் பூசை அறையைக் காட்ட வேண்டும். கைபோன ஒரு அம்மனைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்தேன்.

லாரிக்காரர் போய் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். படம் ஒன்றையும் தொடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் வைத்தோம், அவர் தள்ளினார். தெருவில் அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். இரண்டு பெண்கள் துடைப்பத்தோடு வந்து கண்ணாடியைக் கூட்டினார்கள். கண்ணாடி சாமியல்ல என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. வண்டி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது: எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடம். காரை வெளியே எடுத்துத் தெருவில் விட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் லாரிக்காரர் ஸ்பேனரோடு போய்த் தகரத்தைக் கழற்றினார். நாலு மரக்காலையும் பிடுங்கினார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"முனிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார். "மழையில நனையறது அவருக்கென்ன புதுசா. அக்கா நடக்கட்டும்."

சோதனைக்கு வந்தவர் ஒரு இளம் மலாய்ப் பெண் அதிகாரி. மரத்தடியில் நின்று கல்லைப் பார்த்தார்.

"பாக்சிக், இது என்ன?" என்று மாமா முறை வைத்துக் கேட்டார்.

"கல்," என்றேன். கூரையோ தூணோ தளமோ இருந்தால்தான் அது கட்டடம் என்று அவருக்கும் தெரியும், அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். கல் என்றே எழுதிக்கொண்டார். பிறகு கைப்பேசியைத் திறந்து, யாரோ புகாராக அனுப்பியிருந்த போட்டோவைக் காட்டினார். மரத்தைச் சுற்றி அத்தனை படங்கள்.

"இதெல்லாம் எங்கே போயின?"

"என் வீட்டுக்கு."

"எல்லாமுமா?"

அவர் வந்து பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்றே பார்த்தார். இதற்கு அவர்கள் பாரத்தில் கட்டம் இல்லை. பாதை திறந்திருக்கலாம், அடுத்த சோதனையில் மறுபடி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம், "மாக்சிக், பார்த்து நடங்க," என்றார்.

இப்போது என் மனைவி மாலைதோறும் நடக்கிறாள். பாதையில் நான் அவளுக்கு ஓரடி முன்னால் போகிறேன், கண்கள் தரையில். கரையில் பெரும்பாலும் குப்பையில்லை. மறுகோடியில் இருக்கிறது, அது அடுத்த தாமானின் குழுவுக்கு உட்பட்டது, அவர்களுடைய தலைவர் விதிகள் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

கார் தெருவில் வெயிலில் நிற்கிறது. சாமிகள் நிழலில் இருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை என் மனைவி துடைத்துப் பிரித்து வைத்திருக்கிறாள். மீதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்த எல்லா அலுவலகங்களிலும் விசாரித்துவிட்டேன். எல்லோரும் நல்லவர்கள், டீ கொடுத்தார்கள்.

நேற்று மாலை புறப்படும் நேரத்தில் கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. டவுனிலிருந்து வந்த கணவன் மனைவி. அந்தப் பெண் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய படத்தை மார்போடு அணைத்திருந்தார்.

"அங்கிள், சாமி படம் வாங்கிக்கிற வீடு இதுதானே?"

இது அப்படிப்பட்ட வீடு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள். காரைத் திருப்பிக்கொண்டு நேரே ஆற்றங்கரைக்குப் போவார்கள். கண்ணாடி உடைந்த படம்தான், செய்தித்தாளுக்குள் சலசலத்தது. வீட்டு வாசலில் என் மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு கம்போடு நின்றாள்.

கேட்டைத் திறந்தேன். சாமியை ஒரு கையால் வாங்கக்கூடாது என்பதால் இரண்டு கையையும் நீட்டினேன்.

"கெதியா வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள் அவள். "பொழுதுபடுகுது."